கருவிகளை விட்டு வராத மருத்துவர்

1950 டிசம்பர் முதல் வாரத்தில் பியோங்யாங் நகரம் காலியாகிக்கொண்டிருந்தது. ஆறு வாரங்களுக்கு முன்புதான் ஐக்கிய நாடுகள் படைகள் அந்த வடகொரியத் தலைநகரைக் கைப்பற்றியிருந்தன. இப்போது சீன எல்லையான யாலு ஆற்றைக் கடந்து வந்த சீனப் படைகளின் முன்னால் அவை தெற்கு நோக்கி வேகமாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அங்கு வந்து சேர்ந்திருந்த ஓர் இந்திய மருத்துவப் பிரிவுக்கு, வாகனங்கள் போதவில்லை, ஆகவே கொண்டுவந்த பொருள்களை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் வெளியேற வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. இராணுவ நியாயப்படி அது தவறான முடிவல்ல, ஏனெனில் ஆட்கள் தப்பினால் பொருள்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிரிவின் கட்டளை அதிகாரி அதற்கு இணங்கவில்லை. அவருடைய ஆட்கள் நகரைத் தேடி, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். கொதிகலனில் தண்ணீர் இல்லை. வரிசையாக நின்று, வாளி வாளியாகக் கைமாற்றி அதை நிரப்பினார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். அறுவை மேசைகள், மருந்துப் பெட்டிகள், கட்டுத்துணிகள், கூடாரங்கள் என அனைத்தையும் ஏற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலம் தகர்க்கப்படுவதற்குச் சற்று முன்பாக அந்த ரயில் தெற்கே கடந்து சென்றது.

அந்த அதிகாரியின் பெயர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். முதலெழுத்துகளை விரித்தால் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். பெயரைப் பார்த்தவுடன் நம்மவர் என்று தெரிந்துவிடுகிறது. இருந்தும், தமிழில் அவரைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. எழுதப்பட்ட சிலவும் ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர், கொரியப் போரில் அமெரிக்க வீரர்களோடு வானிலிருந்து குதித்தவர், மகாவீர் சக்ரா பெற்றவர். மூன்றும் உண்மைதான். ஆயினும் அவருடைய பணிவாழ்வைச் சற்றுப் பொறுமையாகப் பின்தொடர்ந்த பிறகு, குதித்தது எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. அந்த ரயிலே அவரை விளங்கிக்கொள்ளச் சரியான இடம் என்று தோன்றுகிறது. அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தப் பதிவு.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அவர் தலைமையேற்றிருந்த பிரிவின் பெயர் 60ஆவது பாராசூட் பீல்டு ஆம்புலன்ஸ். நமக்கு ஆம்புலன்ஸ் என்றால் சுழல்விளக்கு வைத்த ஒரு வண்டி மட்டுமே நினைவுக்கு வரும். இராணுவத்தில் பீல்டு ஆம்புலன்ஸ் என்பது வண்டியைக் குறிப்பதன்று. மருத்துவர்களும் உதவியாளர்களும் ஸ்ட்ரெச்சர் தூக்குவோரும் ஓட்டுநர்களும் சமையற்காரர்களும் அடங்கிய, சில நூறு பேர் கொண்ட ஒரு முழுப் படைப்பிரிவு. போர்முனையில் அடிபட்டவர் முதலில் தம் பட்டாலியனின் மருத்துவ அதிகாரியிடம் வருவார். அந்த அதிகாரியின் முதலுதவி நிலையம் பெரும்பாலும் சண்டை நடக்கும் இடத்திலிருந்து சில நூறு அடிகள் பின்னால், ஒரு பள்ளத்திலோ பாறை மறைவிலோ இருக்கும். இரத்தத்தை நிறுத்துவது, வலியைக் குறைப்பது, முறிந்த எலும்பை அசையாமல் கட்டுவது ஆகியவற்றுக்கு மேல் அங்கு அதிகம் செய்ய இயலாது. அங்கிருந்து காயம்பட்டவரைச் சுமந்துவந்து, வகைப்படுத்தி, அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இடம் வரை உயிரோடு கொண்டுசேர்ப்பதே பீல்டு ஆம்புலன்ஸின் வேலை. காயத்துக்கும் கத்திக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பது என்று அதன் கடமை முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அந்தத் தூரத்தோடுதான் ரங்கராஜின் பணிவாழ்வு முழுவதும் கழிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 அக்டோபரில், தில்லியில் 50ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடு உருவாக்கப்பட்டது. அதில் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும் ஒரு கூர்க்கா பட்டாலியனும் ஓர் இந்தியப் பட்டாலியனும் இருந்தன. அந்த இந்தியப் பட்டாலியனான 152ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இளம் லெப்டினன்ட் ரங்கராஜ் சேர்ந்தார். தில்லியின் வில்லிங்டன் விமானத் தளத்தில் (இன்றைய சப்தர்ஜங்) அமைந்திருந்த பயிற்சிப் பள்ளியில், ஹவில்தார் மேஜர் மதுரா சிங்குடன் சேர்ந்து அவர் குதித்தார். இந்திய மண்ணில் பாராசூட் மூலம் இறங்கிய முதல் இந்தியர்கள் இவர்கள் இருவருமே. முதலில் குதித்த இருவரில் ஒருவர் மருத்துவர் என்பதை ஒரு சுவையான தகவலாக மட்டும் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சண்டையிட வேண்டிய வீரர்களைக் குதிக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டியவர் சாலை வழியாக வந்து சேரலாம் என்று அப்படையில் யாரும் எண்ண முடியாது. வான்வழி இறங்கும் படை, எதிரியின் பின்புறத்தில், தன் தரைப்படை வந்து சேரும் வரை தனித்து நிற்கும் படை. அந்தச் சில மணி நேரமோ சில நாள்களோ, காயம்பட்டவர்களைப் பின்னால் அனுப்புவதற்குப் பின்புறம் என்று ஒன்றே அங்கு இருக்காது. ஆகவே மருத்துவரும் குதிக்க வேண்டும், அவருடைய கருவிகளும் தனிப் பாராசூட்டில் இறங்க வேண்டும். கருவிப்பெட்டி எதிரியின் கையில் விழுந்துவிட்டால், எவ்வளவு தேர்ந்த அறுவை மருத்துவரும் அங்கே கட்டுப்போடும் உதவியாளராகச் சுருங்கிவிடுவார்.

1944 மார்ச்சில் அந்தப் பிரிகேடு மணிப்பூரின் உக்ருல் பகுதிக்கு அனுப்பப்பட்டது. பயிற்சிக்கும் காவலுக்கும் என்று சென்றவர்கள், இம்பால், கோஹிமா நோக்கி எல்லையைக் கடந்து வந்த ஜப்பானியப் படையின் பாதையில் எதிர்பாராமல் நின்றுகொண்டிருந்தார்கள். சங்ஷாக் என்ற நாகர் கிராமத்துக் குன்றில் அவர்கள் சுற்றிவளைக்கப்பட்டார்கள். பாறைத் தரையில் ஆழமாகப் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை, முள்கம்பி கிடையாது, எல்லாவற்றையும் விடக் கொடுமையானது, தண்ணீர் கிடையாது. விமானங்கள் போட்ட உணவும் மருந்தும் வெடிமருந்தும் அடங்கிய பெட்டிகளில் பெரும்பகுதி, குறுகிய வளையத்துக்கு வெளியே ஜப்பானியர்களிடம் போய் விழுந்தது. மார்ச் 26ஆம் தேதி மாலை வெளியேறும் ஆணை வந்தபோது, நடக்க முடிந்தவர்களும் சுமக்க முடிந்தவர்களும் இருளில் மலைக்காட்டுக்குள் இறங்கினார்கள். அசைக்கவே முடியாத நிலையில் இருந்த படுகாயமுற்றோர் சிலரை அங்கேயே விட்டுச் செல்ல நேர்ந்தது. இந்தச் சண்டை ஜப்பானியரின் முன்னேற்றத்தைச் சில நாள்கள் தாமதப்படுத்தியது என்றும், இம்பாலும் கோஹிமாவும் தப்பியதில் அந்தச் சில நாள்களுக்குப் பங்குண்டு என்றும் போர் வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ரங்கராஜ் பணியாற்றிய 152ஆவது பட்டாலியன்தான் சங்ஷாக்கில் மிகக் கடுமையாக அடிபட்டவற்றுள் ஒன்று. மருந்து வானத்திலிருந்து விழுந்தும் தங்கள் கைக்கு வராமல் போன அனுபவத்தையும், காயம்பட்டவர்களை விட்டு வந்த அனுபவத்தையும் தன் நினைவில் சுமந்த ஒரு படை அது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பியோங்யாங்கில், பொருள்களை விட்டு வா என்றபோது அந்த மனிதர் ஏன் மறுத்தார் என்பதற்கு இதுவே காரணம் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் என் மனம் அந்த இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது.

இனி கொரியா. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படைகள் இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆவது இணைகோட்டைக் கடந்தன. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் வடகொரியாவைக் கண்டித்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. ஆனால் போரிடும் படைகளை அனுப்ப நேரு அரசு விரும்பவில்லை. அணிசேராமையைத் தன் அயலுறவுக் கொள்கையாக வகுத்துக்கொண்டிருந்த நாடு அது. தவிர, 38ஆவது கோட்டை அமெரிக்கப் படைகள் கடந்தால் தாங்கள் தலையிடுவோம் என்ற சீன எச்சரிக்கையைப் பெய்ஜிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே. எம். பணிக்கர் வழியாகவே உலகம் அறிந்துகொண்டது. துப்பாக்கி தூக்காமல் உதவ ஒரு வழி இருந்தது. மருத்துவப் பிரிவை மட்டும் அனுப்புவது என்று முடிவாயிற்று. சுவீடன், டென்மார்க், நார்வே, இத்தாலி ஆகிய நாடுகளும் இதே வழியைத் தேர்ந்தன. ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். மற்றவர்களின் பங்களிப்பு பெரும்பாலும் மருத்துவமனைகளாக இருந்தது. டென்மார்க் ஒரு மருத்துவக் கப்பலை அனுப்பியது. இந்தியா அனுப்பியதோ போர்முனைக்கு மிக அருகில் வேலை செய்வதற்கென்றே பழக்கப்பட்ட, பாராசூட் பயிற்சி பெற்ற ஒரு களப் பிரிவு.

1950 நவம்பர் 20 அன்று பூசான் துறைமுகத்தில் இறங்கியபோது பிரிவில் ஏறத்தாழ 340 பேர் இருந்தார்கள். அறுவை மருத்துவர்கள், மயக்க மருத்துவர்கள், ஒரு பல் மருத்துவர் என்று அது தன்னளவில் நிறைவான பிரிவு. போர் முடியும் தறுவாயில் இருப்பதாகவும், கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்பிவிடலாம் என்றும் அப்போது பேச்சு இருந்தது. ஐந்து நாள்களில் அந்தப் பேச்சு அடியோடு மாறியது. சீனப் படைகளின் பெருந்தாக்குதல் தொடங்கிய பின்னர்தான் நம்மவர்கள் வடக்கே பியோங்யாங்கை அடைந்தார்கள். அடைந்த சூட்டோடு திரும்ப வேண்டியதாயிற்று.

இங்கே மீண்டும் அந்த ரயிலுக்கு வருகிறேன். அன்றைய அவசரத்தில் ஒரு கட்டளை அதிகாரியின் முன்னால் இரண்டு கணக்குகள் இருந்திருக்கும். ஒன்று, தன்னை நம்பி வந்த முந்நூறு உயிர்களின் கணக்கு. எஞ்சின் நகராமல் போயிருந்தால், கரியும் தண்ணீரும் தேடிக் கழித்த மணி நேரங்களுக்கு அவரே பதில் சொல்லியிருக்க வேண்டும். மற்றொன்று, இன்னும் காயமே படாத, முகம் தெரியாத சில ஆயிரம் பேரின் கணக்கு. கருவிகளை இழந்த பிரிவு மீண்டும் இந்தியாவிலிருந்து அவற்றைப் பெற்று வேலை தொடங்குவதற்குள் செத்துப்போயிருக்கக்கூடியவர்களின் கணக்கு. முதல் கணக்கு கண்ணுக்குத் தெரிவது, இரண்டாவது தெரியாதது. தெரியாத கணக்குக்காகத் தெரிந்த ஆபத்தை ஏற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, விமானக் கதவிலிருந்து குதிப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். குதிப்பதற்குச் சில நொடிகளின் துணிவு போதும். இதற்கோ, வாளியில் தண்ணீர் நிறையும் வரை, பாலம் கண்ணில் படும் வரை, அந்தத் துணிவு தீராமல் இருக்க வேண்டும்.

டிசம்பர் நடுவில் பிரிவு, 27ஆவது பிரிட்டிஷ் காமன்வெல்த் பிரிகேடுடன் இணைக்கப்பட்டது. அந்தப் பிரிகேடோ பின்வாங்கும் படைகளுக்குக் காவலாகக் கடைசியில் வரும் பிரிகேடு. அந்த ஆண்டுக் கொரியக் குளிர் இரத்தப் பிளாஸ்மாவை உறையவைக்கும் குளிர். அமெரிக்கக் கடற்படை மருத்துவ உதவியாளர்கள் மார்பின் குப்பிகள் உறையாமலிருக்க அவற்றை வாயில் அடக்கிக்கொண்டு போர்முனையில் திரிந்ததாகக் குறிப்புகள் உண்டு. காயத்தைப் பார்ப்பதற்கு ஆடையைக் கிழித்தால், காயத்தைவிட வேகமாகக் குளிர் கொல்லும். மருத்துவக் கல்லூரியில் கற்ற எதுவும் அப்படியே பயன்படாத இடம் அது.

பிரிவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ரங்கராஜ் தலைமையில் ஒரு பகுதி பிரிகேடுடன் முன்னணியில் இருந்தது. மேஜர் என். பி. பானர்ஜி தலைமையில் மற்றொரு பகுதி தெற்கே தேகு நகரில் தங்கி, கொரிய இராணுவத்தினருக்கும் அகதிகளாக வந்து குவிந்த பொதுமக்களுக்கும் மருத்துவம் பார்த்தது. கொரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சியும் அளித்தது. முன்னணியில் இருந்தவர்களைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால், தேகுவில் இருந்தவர்களின் உழைப்பு ஓரத்தில் தள்ளப்பட்டுவிடுகிறது. பானர்ஜிக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது என்பதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

1951 மார்ச் 23 அன்று நடந்ததுதான் புகழ்பெற்ற நிகழ்ச்சி. பின்வாங்கும் வடகொரியப் படையின் பாதையை மறிப்பதற்காக, அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சியோலுக்கு வடக்கே இம்ஜின் ஆற்றை ஒட்டிய முன்சான்னியில் இறக்குவது என்று திட்டமிட்டார்கள். டோமஹாக் நடவடிக்கை என்பது அதன் பெயர். தேகுவிலிருந்து புறப்பட்ட விமானங்களிலிருந்து 3,400க்கும் மேற்பட்டோர் குதித்தனர். அவர்களில் 12 பேர் இந்தியர்கள்: ரங்கராஜ் உட்பட ஏழு அதிகாரிகளும், மற்ற ஐந்து வீரர்களும். ஒரு பட்டாலியன் தவறான இடத்தில் போய் இறங்கியது. தரையில் மோதியதிலேயே எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம் ஏற்பட்டது. எதிரியின் பெரும்பகுதி ஏற்கெனவே நழுவிவிட்டிருந்ததால், இராணுவ நோக்கில் அந்த நடவடிக்கைக்குப் பெரிய பலன் இல்லை என்பதே பலரின் மதிப்பீடு.

மருத்துவத்துக்கு அப்படி இல்லை. குதித்து இறங்கிய களத்திலேயே இந்தியக் குழு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கியது. அந்த நடவடிக்கையின்போது அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்ததாக அமெரிக்கர்களே பாராட்டி எழுதினார்கள். படைத்தலைவர்களின் வரைபடத்தில் தோற்றுப்போன ஒரு நாள், காலில் எலும்பு முறிந்து வயல்வரப்பில் கிடந்த ஒரு சிப்பாய்க்கு, பக்கத்திலேயே மருத்துவர் வந்து இறங்கிய நாளாக இருந்திருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் வில்லிங்டன் தளத்தில் வெறும் பயிற்சியாகக் குதித்தவருக்கு, அந்தப் பயிற்சியின் பொருள் இங்கேதான் முழுமையாகக் கிடைத்தது என்று சொல்லலாம்.

அடுத்த மாதம் காப்யோங் பள்ளத்தாக்கில் சீனர்களின் இளவேனில் தாக்குதலை ஆஸ்திரேலிய, கனடியப் பட்டாலியன்கள் தடுத்து நிறுத்தியபோது, அந்தப் பிரிகேடின் களமருத்துவம் இந்தியர்களின் பொறுப்பில் இருந்தது. 1951 ஜூலையில் காமன்வெல்த் டிவிஷன் உருவானபோது, அதன் மூன்று பீல்டு ஆம்புலன்ஸ்களில் ஒன்று பிரிட்டிஷ், ஒன்று கனடியம், மூன்றாவது நம்முடையது. அக்டோபரில் கோவாங்சான், மாரியாங்சான் குன்றுகளுக்காக நடந்த, ‘கமாண்டோ’ என்று பெயரிடப்பட்ட நடவடிக்கையில் காயம்பட்டவர்களை உச்சியிலிருந்து கீழே கொண்டுவருவதே பெரும் சண்டையாக இருந்தது. ஒரு ஸ்ட்ரெச்சரைச் செங்குத்துச் சரிவில் இறக்க நான்கு பேர் போதாது. மாற்றி மாற்றித் தூக்க ஆள் வேண்டும். படுத்திருப்பவர் வழுக்கி விழாமல் கட்டிவைக்க வேண்டும். குண்டு விழும்போது தூக்குபவர் கீழே படுத்துக்கொள்ளலாம், ஆனால் படுத்திருப்பவரை எங்கே மறைப்பது? இந்தப் பிரிவின் வரலாற்றில் பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை விட, பெயர் எங்கும் அச்சாகாத இந்த ஸ்ட்ரெச்சர் தூக்கிகளைப் பற்றியே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

போர்முனை மருத்துவரின் வேலையில் வெளியில் சொல்லப்படாத ஒரு பகுதி உண்டு. ஒரே நேரத்தில் இருபது பேர் கொண்டுவரப்படுகிறார்கள். அறுவை மேசைகள் இரண்டே இருக்கின்றன. யார் முதலில்? உரக்கக் கத்துபவருக்கு மூச்சு இருக்கிறது, சுற்றோட்டமும் இருக்கிறது, அவர் காத்திருக்கலாம். ஓசையில்லாமல் வெளுத்துக்கொண்டிருப்பவரை உடனே பார்க்க வேண்டும். வயிற்றில் குண்டு பட்டவருக்கு நேரம் மிகக் குறைவு. ஆனால் அவருக்குச் செலவிடும் இரண்டு மணி நேரத்தில், கை கால் அடிபட்ட நால்வரைக் காப்பாற்றிவிடலாம். எதைச் செய்தாலும் பிழைக்க மாட்டார் என்று தெரிகிற ஒருவரின் பக்கத்தில், வலி தெரியாமல் இருக்க மார்பினும், கையைப் பிடித்துக்கொள்ள ஓர் உதவியாளரும் மட்டுமே. சாதாரண மருத்துவத்தில் மிக மோசமான நோயாளியே முதல் நோயாளி. போரில் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டிய மணி நேரங்கள் வரும், அதை முடிவு செய்பவரும் மருத்துவரே. துணிச்சலுக்காகப் பதக்கம் கொடுக்கும் அரசுகள் இந்த முடிவுகளுக்காக எதையும் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே போரில்தான் களமருத்துவம் பெரிய மாற்றம் ஒன்றைக் கண்டது. மருத்துவமனையை அடைந்த அமெரிக்க வீரர்களில் இறந்தோர் இரண்டாம் உலகப் போரில் சுமார் 4.5 விழுக்காடு, கொரியாவில் அது சுமார் 2.5 விழுக்காடாகக் குறைந்தது. முன்னணிக்கு அருகில் வந்த நடமாடும் அறுவை மருத்துவமனைகள், ஹெலிகாப்டரில் காயம்பட்டவரை ஏற்றிச் செல்லும் முறை, இரத்தம் ஏற்றுவதில் வந்த தேர்ச்சி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் என்று இதற்குப் பல காரணங்களைச் சொல்கிறார்கள். முதல் மூன்றும் தூரத்தை அல்லது அந்தத் தூரம் தின்னும் நேரத்தை வெல்லும் வழிகளே. ரங்கராஜின் பிரிவும் அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் நோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோனது. பாராசூட் மருத்துவரை நோயாளியிடம் இறக்கியது.

ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. பரம்வீர் சக்ராவுக்கு அடுத்த நிலையில் உள்ள போர்க்கால விருது இது. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு இவ்விருது என்பது அதன் விதி. இந்த விதியை முதலில் படித்தபோது சற்று நின்றுவிட்டேன். கொரியாவில் இந்தியாவுக்கு எதிரி யார்? இந்தியா யார் மீதும் போர் தொடுக்கவில்லை. சீனத்தின் புதிய அரசை முதலில் ஏற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்று அது. சண்டையை நிறுத்துவதற்கு இரு தரப்பிடமும் பேசிக்கொண்டிருந்ததும் அதுவே. குண்டுகள் மட்டும் இந்தியரின் கூடாரங்களைச் சுற்றியும் விழுந்தன, அவை எந்த நாட்டின் அயலுறவுக் கொள்கையையும் விசாரித்துக்கொண்டு விழவில்லை. எதிரி இல்லாத நாடு, எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கான விருதைத் தன் மருத்துவருக்கு அளித்தது. அந்த விதியை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு நிலைமை வரும் என்று தோன்றியிருக்காது. ஆனாலும் விருது தகுதியானவருக்கே சென்றது என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

பிரிவு மொத்தத்தில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் கொரியாவில் இருந்தது. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தான பின்னர், தாயகம் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைப் பொறுப்பேற்க இந்தியா அனுப்பிய காவல்படையோடு சேர்ந்து பணியாற்றி, 1954 தொடக்கத்தில் நாடு திரும்பியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்கு மருத்துவம், 2,300 அளவில் களத்து அறுவைகள் என்று அதன் பணி கணக்கிடப்படுகிறது. இரண்டு லட்சத்தில் பெரும்பான்மையினர் இராணுவத்தினர் அல்லாத நோயாளிகளாகவே இருக்க வேண்டும். காய்ச்சல், புண், பிரசவம், பனிக்கடி, பசி. போர்க்கதைகளில் இடம்பெறாத நோய்கள் இவை. 1955 மார்ச்சில் ஆக்ராவில் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் இந்தப் பிரிவுக்குச் சிறப்புக் கோப்பை வழங்கினார்.

ரங்கராஜின் கதை அங்கே முடிந்திருந்தாலும் போதுமானது. ஆனால் இராணுவத்தை விட்ட பின் அவர் செய்த வேலை, என்னைப் பொறுத்தவரை, போர்க்காலப் பணிக்குச் சற்றும் குறைந்ததன்று. உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தின் ஆலோசகராக அவர் பணியாற்றினார். சாலைகள் குறைந்த, மலைகள் நிறைந்த, குளிர்காலத்தில் பள்ளத்தாக்குகள் பனியால் அடைபடும் நாடு அது. அங்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருக்கையும் சீழையும் நலமாக இருப்பவரின் தோலில் கீறி ஏற்றும் பழைய முறையைத் தொழிலாகச் செய்தவர்கள் ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்தார்கள். அது பலரைக் காத்ததும் உண்டு, புதிய ஊர்களுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் உண்டு. வெப்பத்தைத் தாங்கும் உலர்தடுப்பூசியும், இரண்டு முனைகள் கொண்ட எளிய ஊசியும் கையிலிருந்தன. அவற்றை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுசேர்ப்பதே வேலை. மீண்டும் அதே தூரம்தான், குண்டுச்சத்தம் மட்டும் இல்லை. 1972ஆம் ஆண்டோடு ஆப்கானிஸ்தானில் நோய் தன்னளவில் பரவுவது நின்றது. 1980 மே மாதத்தில் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அவரைப் பற்றிய பெரும்பாலான குறிப்புகள் இந்த ஆப்கானிஸ்தான் ஆண்டுகளை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. சில அதையும் சொல்வதில்லை. பாராசூட்டுக்குப் படம் உண்டு, தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து நடக்கும் குழுவுக்குப் படம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

ரங்கராஜ் 2009இல் மறைந்தார். 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் கொரியப் போர் நாயகராக அறிவித்துச் சிறப்பித்தது. அவர் தலைமையேற்ற பிரிவு இன்றும் ஆக்ராவில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இந்திய விமானப்படை விமானங்களில் அது ஹாத்தாய் மாகாணத்துக்குச் சென்று, இஸ்கெந்தெருன் நகரில் 30 படுக்கைகள் கொண்ட கள மருத்துவமனையை அமைத்தது. புறப்பட்ட விமானங்களில் ஏற்றப்பட்டவற்றின் பட்டியலைச் செய்தித்தாள்களில் பார்த்தேன்: எக்ஸ்ரே கருவிகள், செயற்கைச் சுவாசக் கருவிகள், ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரம், இதயத் துடிப்பைக் காட்டும் திரைகள்.